காய்ச்சல் பையும் இல்லாத மண்ணீரலும்

எங்கள் வீட்டு முன்கதவுக்குப் பின்னால் ஓர் ஆணி இருந்தது. அதில் எப்போதும் ஒரு துணிப்பை தொங்கும். உள்ளே ஒரு துவாய், பிள்ளைக்கு மாற்று உடுப்பு இரண்டு சோடி, ஒரு சாரன், தண்ணீர்ப் போத்தல், கிளினிக் கொப்பி. அதன் பெயர் காய்ச்சல் பை. அந்தப் பெயரை வைத்தவரும், பையைத் தைத்தவரும், மாதத்துக்கு ஒருமுறை உள்ளே இருப்பதையெல்லாம் எடுத்து வெயிலில் காயப்போட்டுத் திரும்ப அடுக்கியவரும் என் வாப்பாதான். மற்ற வீடுகளில் பிள்ளைக்கு உடம்பு சுட்டால் நெற்றியில் கை வைப்பார்கள். வாப்பா பையில் கை வைப்பார்.

கற்பிட்டியில் எங்களுக்குக் ‘காய்ச்சல் குடும்பம்’ என்று பட்டம். மற்றப் பிள்ளைகள் காய்ச்சலோடு இரண்டு நாள் பாயில் கிடந்து, கொத்தமல்லி குடித்து, மூன்றாம் நாள் பள்ளிக்கூடம் வருவார்கள். நான் மட்டும் காது கொஞ்சம் சூடானாலே ஆஸ்பத்திரி வாங்கில் குந்திக்கொண்டிருப்பேன். மீன் வாடிக்காரர் ஒருவர் வாப்பாவைக் காணும்போதெல்லாம், “என்ன மச்சான், புள்ள தும்மிட்டாவா? பை எங்க?” என்று கேட்பார். வாப்பா கோபப்பட மாட்டார். சிரித்துக்கொண்டே, “காய்ச்சலுக்கு முன்னால நாங்க போய் ஆஸ்பத்திரில இரிக்கணும். அது வந்து பார்க்கக்குள்ள வீட்டுல ஆள் இரிக்கப்படாது,” என்பார்.

இந்த வீட்டை வாங்கியபோதும் அவர் கிணற்றில் நல்ல தண்ணீரா, மண் எப்படி என்றெல்லாம் பார்க்கவில்லையாம். ஆஸ்பத்திரிக்கு ஓட்டோவில் எத்தனை நிமிடம் என்றுதான் பார்த்தாராம். தண்ணீர் இன்றைக்கும் கொஞ்சம் உவர்தான்.

காரணம் என் நானா, எனக்கு முன் பிறந்த மூத்தவன். நான் பிறப்பதற்கு முன் உம்மாவும் வாப்பாவும் உச்சமுனையில் இருந்தார்கள். களப்பைக் கடந்துதான் ஊருக்கு வரவேண்டும். நானாவுக்கு ஒன்றரை வயது. ஒரு நாள் உச்சி வெயிலில், புழுதியில் புரண்டு வந்தவனை உம்மா கிணற்றடிக்குக் கூட்டிப்போய்க் குளிப்பாட்டினார். மாலை அஸர் தொழுகை நேரத்தில் அவன் உடம்பு சுட்டது. அன்று காற்று, வள்ளம் விட முடியவில்லை. விடிய சுபஹுக்கு வள்ளம் கிடைத்து, கற்பிட்டி இறங்குதுறையில் வாப்பா கால் வைத்தபோது பிள்ளை மௌத்தாகியிருந்தான். அவ்வளவுதான் நடந்தது. மய்யித்து வீட்டுக்கு வந்த ஒரு பெண், “உச்சி வெயில்ல கிணத்துத் தண்ணி வாத்தா இப்படித்தான்,” என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பெண் யாரென்று உம்மா ஒருநாளும் சொன்னதில்லை. அவர் சொன்னதை மட்டும் நாற்பது வருடம் வைத்திருந்தார்.

அந்த ஒரு மரணத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு இரண்டு பழக்கம் வந்தது. வாப்பா பை தைத்தார். உம்மா அதற்குப் பிறகு எந்தப் பிள்ளையையும் குளிப்பாட்டவில்லை. என்னைக் குளிப்பாட்டியது வாப்பா. உப்பளத்தில் வேலை செய்த மனிதர். வள்ளம் கழுவுகிற மாதிரி ஊற்றுவார், தேய்ப்பார், திருப்பிப் போட்டு மறுபடி ஊற்றுவார். கிணற்றடியில் வாளிச் சத்தம் கேட்டால் உம்மா குசினிக்குள் போய், கழுவிய கோப்பைகளையே திரும்பக் கழுவுவார். சின்ன வயதில் இது எனக்கு விசித்திரமாகவே தெரியவில்லை. எல்லா வீட்டிலும் வாப்பாதான் குளிப்பாட்டுவார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் படித்து உயிரியல் டீச்சரானேன். எனக்கு மூக்கு நுனியில் கோபம். படிப்பும் சேர்ந்துகொண்டதால் அது இன்னும் கூர்மையானது. எதற்கெடுத்தாலும் ஆதாரம் கேட்பேன். கலியாணம் முடித்து இரண்டு வீடு தள்ளிக் குடிபோனபோது, சீதனச் சாமான்கள் இறங்குவதற்கு முன்பே வாப்பா வந்து கதவுக்குப் பின்னால் ஆணி அடித்துவிட்டார். புதுப் பை, புதுத் துவாய். மாப்பிள்ளைக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் கண்டக்குழியில் வெளிநாட்டுக்காரரை ஏற்றிக்கொண்டு டொல்பின் காட்டப் போகிற படகுக்காரர். நல்ல மனிதர், எதையும் சிரித்தே கடப்பவர். “இதுவும் உங்கட குடும்பத்து சுன்னத்தா?” என்று, ஏதோ மார்க்க வழக்கத்தைக் கேட்பதுபோலக் கேட்டார். எனக்கு வெட்கமாகிப் போனது. வாப்பா போனதும் பையைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்தேன். ஆணியில் குடையைத் தொங்கவிட்டேன்.

பிறகு அந்தப் பைக்கு ஒரு நல்ல உபயோகம் கண்டுபிடித்தேன். தவணைப் பரீட்சை விடைத்தாள்கள் வைக்க அதைவிட வசதியான பை கிடையாது. துவாயையும் உடுப்பையும் வெளியே எடுத்துவிட்டு, தாள்களை அடுக்கினால் கச்சிதமாக இருக்கும்.

மகளுக்கு நாலு வயதாக இருக்கும்போது, ஒரு சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு உடம்பு சுட்டது. மாப்பிள்ளை கடலில். அது டெங்குக் காலம்; எங்கள் தெருவிலேயே இரண்டு பேருக்கு வந்திருந்தது. நான் பதற்றப்படவில்லை, பெருமைப்பட்டேன் என்றுகூடச் சொல்லலாம். ஒரு படித்த தாய் காய்ச்சலை எப்படிப் பார்க்க வேண்டும் என்று காட்டக் கிடைத்த சந்தர்ப்பம். பரசிட்டமோல் கொடுத்தேன், தண்ணீர் குடிக்க வைத்தேன், நேரம் எழுதி வைத்தேன்.

காலையிலேயே என் வீட்டுக்கு வந்திருந்த உம்மா சொல்லியனுப்பி வாப்பா வந்துவிட்டார். வந்தவர் மகளைப் பார்க்கவில்லை, கதவுக்குப் பின்னால் பார்த்தார்.

“பை எங்க?”

“வாப்பா, முதல் நாள்ல ரத்தம் சோதிச்சாலும் டெங்கு எண்டு தெரியாது. மூணாம் நாள் பார்க்கணும். சும்மா புள்ளயக் கொண்டு போய் வாங்கில குந்த வெச்சா இல்லாத வருத்தமும் வரும்.”

“பை எங்க மகள்?”

“நான் டீச்சர் வாப்பா. இதத்தான் நான் படிப்பிக்கிற.”

குரலை உயர்த்தித்தான் சொன்னேன். இப்போது நினைத்தாலும் கூசுகிறது. வாப்பா வெளியே போனார். தன் ஓட்டோவை வாசல் படலையடியில் திருப்பி நிறுத்தி, ஸ்டார்ட் பண்ணி, என்ஜினை ஓடவிட்டுவிட்டு அதற்குள்ளேயே இருந்தார். அவ்வளவுதான். என்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. கால் மணி நேரம். அரை மணி நேரம். பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் வெளியே போய்ச் சாவியைப் பிடுங்கலாமா என்று யோசித்தேன்.

அப்போதுதான் மகள் சட்டை முழுக்கச் சத்தி எடுத்தாள். தூக்கித் துடைத்தபோது கை கால் ஜில்லென்று இருந்தது. வயிறு மட்டும் கொதித்தது. தோலில் திட்டுத் திட்டாக ஒரு நிறம். கூப்பிட்டேன், கண்ணைத் திறந்தாள், ஆனால் என்னைப் பார்க்கவில்லை. நான் படித்த எதுவும் எனக்கு ஞாபகம் வரவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். உம்மா அலுமாரிக்குள் தேடிப் பையை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடிவந்தார். பை கனமாக இருந்ததால், எல்லாம் அடுக்கித்தான் வைத்திருக்கிறேன் என்று நம்பியிருக்கிறார். என்ஜின் ஓடிக்கொண்டிருந்ததால் நாங்கள் ஏறியதும் ஓட்டோ கிளம்பிவிட்டது.

டெங்குவைப் பற்றி நான் சொன்னது முழுக்கச் சரி. வந்தது டெங்கு இல்லை.

ஆஸ்பத்திரியில் இருந்த டொக்டர் யாழ்ப்பாணத்துப் பெண்பிள்ளை, என்னிடம் படித்த பிள்ளைகளின் வயதுதான் இருக்கும். பார்த்த பார்வையிலேயே ஓடத் தொடங்கினார். ஊசி, சேலைன், பிறகு இன்னொரு ஊசி. இரத்தத்தில் பற்றீரியா இறங்கியிருக்கிறது என்றார். நான் சுவரில் சாய்ந்து நின்றேன். அல்லாஹ்வே, நானா போன வழியில் இவளும் போய்விடுவாளா என்ற ஒரு நினைப்பைத் தவிர எனக்குள் வேறொன்றும் இல்லை. உம்மா தஸ்பீஹ் மணியைப் பிடித்த கையை எடுக்கவே இல்லை. என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“இன்டக்கிப் புள்ளயக் குளிப்பாட்டினியா?”

“இல்ல உம்மா.”

அவர் தலையை ஆட்டினார். அந்தக் கேள்வியின் பாரம் எனக்கு அப்போது விளங்கவில்லை.

மகளுக்கு மாற்று உடுப்பு வேண்டும் என்று தாதி கேட்டார். உம்மா பெருமையோடு பையைத் திறந்து கையை விட்டார். உள்ளேயிருந்து ஒரு கட்டு விடைத்தாள் வந்தது. பிறகு இன்னொரு கட்டு. மொத்தம் நாற்பத்து மூன்று. வாப்பா என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். கடைசியில் மகளுக்கு வாப்பாவின் சால்வையைச் சுற்றினோம்.

மூன்றாம் நாள் மகள் எழுந்திருந்து தின்னப் பணிஸ் கேட்டாள். அந்தப் பணிஸ் வாங்க ஆஸ்பத்திரிக்கு முன்னால் இருந்த கடைக்கு வாப்பா ஓடிய ஓட்டத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். ஒன்று கேட்டவளுக்கு ஆறு வாங்கி வந்தார். மிச்சத்தை வார்ட் முழுக்கப் பங்கிட்டார்.

அன்று டொக்டர் என் பக்கத்தில் வந்து இருந்தார். அவருக்கு ஒரு கேள்வி இருந்தது. அதற்கு முன், கட்டில் ஓரத்தில் கிடந்த விடைத்தாளில் ஒன்றை எடுத்துப் பார்த்தார். ‘இறைபோசோமின் தொழில் யாது?’ என்பது நான் கேட்டிருந்த கேள்வி. ஒரு பிள்ளை, ‘தெரியாது டீச்சர், ஆனா முக்கியம்’ என்று எழுதியிருந்தது. நான் சிவப்புப் பேனையால் பெரிய பூச்சியம் போட்டிருந்தேன். டொக்டர் சிரித்துவிட்டார்.

“ரீச்சர், இவவுக்கு முந்தி ஏதும் ஒப்பரேசன் செய்ததோ? வயித்தில?”

“இல்லையே. ஏன்?”

“இவவின்ர இரத்தத்தை நுணுக்குக்காட்டியில பார்த்தனாங்கள். செங்குழியத்துக்குள்ள சின்னச் சின்னக் கறுப்புப் புள்ளி இருக்கு. அது ஆருக்கும் இருக்கக் கூடாது. மண்ணீரல் பொறுக்கி எடுத்திடும். ஒருக்கா ஸ்கேன் பண்ணிப் பார்ப்பம் என்ன?”

ஸ்கேன் அறையில் மகளின் இடப்பக்க விலாவுக்குக் கீழே தேடினார்கள். பிறகு வலப்பக்கம் தேடினார்கள். பிறகு திரும்பவும் இடப்பக்கம். மகளுக்குக் கிச்சுக்கிச்சு மூட்டியது, கெக்கலித்துச் சிரித்தாள். அங்கே மண்ணீரலே இல்லை. எடுத்ததும் இல்லை, சுருங்கியதும் இல்லை. பிறக்கும்போதே கட்டப்படவில்லை.

“நீங்களும் ஒருக்கா ஏறிப் படுங்கோ,” என்றார் டொக்டர்.

எனக்கும் இல்லை! பதினொரு வருடமாக நான் கரும்பலகையில் ஊதாச் சோக்கால் வரைந்து காட்டிய உறுப்பு. ‘இரத்தத்தை வடிகட்டும், கிருமிகளைப் பிடிக்கும்’ என்று பிள்ளைகளைப் பாடமாக்க வைத்த உறுப்பு. அதைப் பற்றி இரண்டு மணித்தியாலம் பேசக்கூடிய நான் அது இல்லாமலே பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். அந்தக் கட்டிலில் படுத்தபடியே சிரித்தேன். சிரித்துக்கொண்டே அழவும் செய்தேன்.

அடுத்த கிழமை வாப்பாவையும் உம்மாவையும் கூட்டி வரச் சொன்னார்கள். வாப்பா நல்ல சாரன் உடுத்து, அத்தர் பூசிக்கொண்டு வந்தார். அவருக்குத் தன் வயிற்றின் மேல் பெரிய மதிப்பு. அவர் பள்ளிக்கூடம் போன காலத்தில் இந்தப் பக்கம் முழுக்க மலேரியா. ‘மலேரியா சேர்’ என்று ஒருவர் வந்து பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, இடப்பக்க விலாவுக்குக் கீழே அமுக்கிப் பார்ப்பாராம். மலேரியா வந்த பிள்ளைக்கு மண்ணீரல் வீங்கிக் கையில் தட்டும். வாப்பாவை அவர் எத்தனை தரம் அமுக்கினாலும் ஒன்றும் தட்டாதாம். “இவன்ட வயிறுதான் இந்தப் பள்ளிக்கூடத்துலேயே நம்பர் வன்,” என்று அவர் சொன்னதை வாப்பா ஐம்பது வருடமாக ஊருக்குச் சொல்லி வந்தார். என் கலியாணப் பேச்சின்போதுகூட மாப்பிள்ளை வீட்டாரிடம் சொன்னார்.

ஸ்கேன் செய்தவர் தேடத் தொடங்கியதும் வாப்பா அந்தக் கதையை எடுத்தார். கதை முடியவும் தேடல் முடியவும் சரியாக இருந்தது.

“மாமா, அந்த சேருக்கு எப்படித் தட்டும்? உங்களுக்கு மண்ணீரலே இல்லையே.”

வாப்பாவின் முகம் போன போக்கைப் பார்த்து நாங்கள் எல்லோரும் சிரித்துவிட்டோம். கொஞ்ச நேரம் கழித்து அவரும் சிரித்தார். உம்மாவுக்கு மட்டும் இருந்தது. அழகாக, இருக்க வேண்டிய இடத்தில், இருக்க வேண்டிய அளவில் இருந்தது. வரும் வழியெல்லாம் வாப்பா, “எங்கட வீட்டுல முழுச் சாமானோட இரிக்கிற ஒரே ஆள் இவதான்,” என்று சொல்லிக்கொண்டே ஓட்டோ ஓட்டினார். கடலிலிருந்து வந்த மாப்பிள்ளை கேட்டுவிட்டு, “சீதனம் பேசக்குள்ள இதச் சொல்லல்லையே,” என்றார். அன்றைக்கு அவருக்கு இரண்டாம் முறை தேநீர் கிடைக்கவில்லை.

எங்களிடமிருந்து இரத்தம் எடுத்துப் பரம்பரைச் சோதனைக்கு அனுப்பினார்கள். மாதங்கள் போயின. மகளுக்குத் தடுப்பூசிகள் போட்டு, தினமும் ஒரு பெனிசிலின் குளிசையும் தொடங்கியிருந்தது. கதவுக்குப் பின்னாலிருந்த குடையை நானே எடுத்தேன். பையை நானே மாட்டினேன். உள்ளே என்ன இருக்கிறது என்று வாப்பா வந்து இரண்டு தரம் சோதித்தார். 

முடிவு வந்த அன்று டொக்டர் என்னை மட்டும் கூப்பிட்டு விளக்கினார். எங்கள் பரம்பரையலகு, அதாவது ஜீன், ஒன்றில் குறை. அந்தப் பரம்பரையலகு செய்து தரும் புரதம் எங்கே இருக்கிறது தெரியுமா? இறைபோசோமில்! கலத்துக்குள் புரதங்களைச் செய்கிற அந்தச் சின்னப் பட்டறையின் சின்ன அலகில் ஓர் உறுப்பினர். நான் கரும்பலகையில் வெறும் புள்ளி புள்ளியாகக் குத்திவிட்டுப் போகிற இறைபோசோம். பூச்சியம் போட்ட அந்த விடைத்தாள் ஞாபகம் வந்து எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. டொக்டருக்கும் அது ஞாபகம் இருந்தது.

அன்று அஸருக்குப் பிறகு, முற்றத்தில் கதிரைகளைப் போட்டு எல்லோருக்கும் பிளேன்ரீ ஊற்றிக் கொடுத்து வகுப்பெடுத்தேன். மகள் வாப்பாவின் மடியில்.

“கலியாண வீட்டுல சில பேர் இரிப்பாங்க இல்லையா,” என்றேன், “உள்ளுக்குச் சோத்துக் கிடாரத்தடியிலயும் வேலை செய்வாங்க, வாசல்ல வந்து வாறவங்களையும் வரவேற்பாங்க. இந்தப் புரதமும் அப்படித்தான். உள்ள இறைபோசோமுக்க நிண்டு புரதம் செய்யிற வேலைக்குக் கை குடுக்கும். அதே ஆள் கலத்துட வெளிச் சுவருக்கும் வந்து நிண்டு, பக்கத்துல இரிக்கிறதோட ஒட்டிப் பிடிச்சிக்கொள்ளும். அதுக்குத்தான் வாங்கி எண்டு சொல்ற. ஆனா வாசல்ல நிக்கிற ஆளுக்கு வாற ஆள் நல்லவனா கெட்டவனா எண்டு தெரியாது. டெங்கு வைரசும் வந்து இவர்ட கையப் பிடிச்சித்தான் உள்ள போகும் எண்டு கண்டுபிடிச்சிரிக்காங்க.”

“அப்ப ஆள் சரியில்ல,” என்றார் வாப்பா.

“ஆள் நல்ல ஆள் வாப்பா. எங்களுக்கு அவர் பாதியாத்தான் இரிக்கார். உம்மாட பக்கத்தால ஒரு பிரதி, வாப்பாட பக்கத்தால ஒரு பிரதி. ரெண்டும் சேர்ந்துதான் அந்தப் புரதத்தச் செய்யும். எங்களுக்கு ஒரு பிரதி வேலை செய்யிற இல்ல. புள்ள வயித்துல உருவாகக்குள்ள பாதிச் சீமெந்துல வீடு கட்டின மாதிரி. இருதயம் கட்டியாச்சு, ஈரல் கட்டியாச்சு, கண், மூக்கு எல்லாம் சரி. ஒரே ஒரு அறை மட்டும் கட்டுப்படல.”

“ஏன் அந்த அறை மட்டும்?” என்று கேட்டார் உம்மா. 

இதே கேள்வியை நான் டொக்டரிடம் கேட்டிருந்தேன். உடம்பில் இத்தனை உறுப்பு இருக்க, எல்லாக் கலத்திலும் இருக்கிற ஒரு புரதம் குறைந்தால் மண்ணீரல் மட்டும் ஏன் உருவாகாமல் போக வேண்டும்? பெரிய பெரிய ஆட்களுக்கே இன்னும் சரியாக விளங்கவில்லை என்றார். தெரியாது, ஆனால் முக்கியம். மறுநாள் பள்ளிக்கூடத்தில் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு, பழைய விடைத்தாளில் பூச்சியத்தை வெட்டி ஒரு மார்க் போட்டுக் கொடுத்தேன். ஏன் என்று இன்றுவரை அதற்குத் தெரியாது.

எனக்கு வேறு பயம் இருந்தது. கணக்கு லேசானது, வாப்பாவுக்கு இல்லை, எனக்கு இல்லை, மகளுக்கு இல்லை. இதற்குப் பிறகு வாப்பா யோசிக்கப் போகும் அடுத்த ஆளை நான் முன்பே யோசித்திருந்தேன். அவர் மகளின் தலையைத் தடவிக்கொண்டிருந்தார். தடவிய கை நின்றது.

“அப்ப மகனுக்கும் நான்தான் குடுத்த.”

“பெரும்பாலும் வாப்பா. சோதிச்சுப் பார்க்க ஏலாது. ஆனா ஒரே நாள்ல காய்ச்சல் வந்து மௌத்தானா, டொக்டரும் அப்படித்தான் இரிக்கும் எண்டு சொல்றா.”

வாப்பா களப்புப் பக்கம் திரும்பினார். “எனக்கே தெரியாம என்ட பையில இரிந்திரிக்கி,” என்றார். பிறகு, “தெரியாமத்தான் மத்தப் பையையும் தைச்சிரிக்கன்,” என்றார். அவர் அப்படிப்பட்டவர். அழுகையையும் ஆறுதலையும் ஒரே மூச்சில் முடித்துவிடுவார். காய்ச்சல் வந்த உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதுதான் மண்ணீரல் இல்லாத பிள்ளைக்கு முதல் வைத்தியம் என்று டொக்டர் சொன்னதை நான் திரும்பச் சொன்னேன். ஊர் சிரித்த அந்தப் பைதான் என்னை வளர்த்திருக்கிறது. எத்தனை காய்ச்சலில், எத்தனை ஊசியில் என்று எனக்கே தெரியாது. எழுந்து போய் வாப்பாவின் கையைப் பிடித்தேன். இப்படியெல்லாம் செய்கிற குடும்பம் இல்லை எங்களது. இரண்டு பேருக்கும் கூச்சமாக இருந்தது.

அப்போதுதான் உம்மா கேட்டார். பிளேன்ரீக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

“அப்ப நான் குளிப்பாட்டினதால இல்லையா?”

 அந்தக் கேள்வி நாற்பது வருடமாக எங்கள் வீட்டுக் குசினிக்குள் கோப்பை கழுவிக்கொண்டு நின்றிருக்கிறது. வார்டில் என்னிடம் கேட்டதும் அதே கேள்விதான். எனக்கு எல்லாவற்றுக்கும் ‘பெரும்பாலும்’ போட்டுப் பேசுகிற பழக்கம். படிப்பு தந்த வியாதி. இதற்கு அது தேவைப்படவில்லை. கிணற்றுத் தண்ணீரால் அந்தக் காய்ச்சல் வராது. இது எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

“இல்ல உம்மா. தண்ணியால இல்ல. வெயிலால இல்ல. நீங்க குளிப்பாட்டினதால இல்லவே இல்ல. கிருமி அதுக்கு முந்தியே உள்ள வந்திட்டு. நீங்க புள்ளட உடம்புல இரிந்த புழுதியத்தான் கழுவின.”

உம்மா எழுந்தார். எல்லோருடைய கோப்பைகளையும் சேர்த்தெடுத்துக்கொண்டு உள்ளே போனார். நான் காது கொடுத்துக் கேட்டேன். அன்று கோப்பை கழுவும் சத்தம் நெடுநேரம் வரவில்லை.

பத்துப் பதினைந்து நாள் போயிருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு நேரே உம்மா வீட்டுக்குப் போனேன். ஜும்ஆத் தொழுகை முடிந்து ஆட்கள் கலைந்துகொண்டிருந்த நேரம். தலைக்கு மேலே வெயில் கொளுத்தியது. கிணற்றடியில் வாளிச் சத்தம் கேட்டது. வாப்பாதான் பேத்தியை வள்ளம் கழுவுகிறார் என்று நினைத்துக்கொண்டு பின்பக்கம் போனேன்.

வாப்பா அங்கேதான் இருந்தார். ஆனால் பள்ளிவாசலுக்குப் போன வெள்ளைச் சாரனும் தொப்பியுமாக, கிணற்றுக்குப் பத்தடி தள்ளி, தோளில் காய்ச்சல் பையோடு நின்றுகொண்டிருந்தார். படலையடியில் ஓட்டோ ஸ்டார்ட்டில் நின்றது. என்னைக் கண்டதும் உதட்டில் விரலை வைத்தார்.

உம்மா சீலையை முழங்கால் வரை செருகிக்கொண்டு நின்றார். முன்னால் என் மகள், தலை நிறையச் சவர்க்கார நுரை. நாற்பது வருடமாகச் செய்யாத வேலை. உம்மா ஊற்றிய தண்ணீர் பாதி பிள்ளை மேல், பாதி அவர் மேல். “கண்ணு எரியிது உம்மும்மா!” என்று மகள் கத்தினாள். உம்மா பயந்துபோய்ச் சீலைத் தலைப்பால் அவள் கண்ணைத் துடைத்தார். நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். கழுத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு வாப்பாவைத் திரும்பிப் பார்த்தார்.

வாப்பா பையை உயர்த்திக் காட்டினார்.

“இன்னொரு வாளி, உம்மும்மா!” என்றாள் மகள்.

உம்மா கிணற்றில் வாளியை விட்டார்.